ஒருமுறை ‘உண்டு’ என்றவருக்கு, யூனிட் வைத்திருக்கும் பணியாளர்கள் படைக்கும் மடல்

கட்டடங்களின் காவலரே, காரை பெயர்ந்த இடமெல்லாம் கண்டும் கலங்காத கனவானே, வாளி வைக்க வேண்டிய இடத்தை வானிலை அறிக்கைக்கு முன்பே வகுத்துரைத்த வல்லவரே, எங்கள் வருமான டிரஸ்ட்டின் பராமரிப்புத் தலைவராக வந்து, வளர்ந்து, வழுக்கை கண்டு, இன்று விடைபெறும் அன்புக்குரிய ஐயா அவர்களே, வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் அதில் பொய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. இந்த மடலை எழுத அமர்ந்த குழுவில் கணக்காளர் அம்மாவும் இருந்ததால் அதற்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. ஒவ்வோர் அடைமொழிக்கும் அவர் ஆதாரம் கேட்டார். ‘கருணைக் கடலே’ முதல் நாளே அடிபட்டது. ‘நேரம் தவறாத நெறியாளரே’ மூன்றாம் வரைவு வரை தாக்குப்பிடித்துப் பிறகு அதுவும் போயிற்று. மிஞ்சியவற்றைத்தான் மேலே வாசித்தோம். ஆகவே தாங்கள் கேட்கப்போவது சற்றே மெலிந்த, ஆனால் தணிக்கை செய்யப்பட்ட புகழ் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் குடும்பத்தார்பொருட்டு, நம் டிரஸ்ட் செய்யும் தொழிலை நாலு வரியில் சொல்லிவிடுகிறோம். நம்மிடம் சில கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் நகலகம், பாட வகுப்பு, ஏற்றுமதி அலுவலகம் என்று பலர் வாடகைக்கு இருக்கிறார்கள். வரும் வாடகையில் கடனும் செலவும் போக மிஞ்சுவதைப் பெட்டியில் பூட்டி வைப்பது நம் வழக்கமன்று. ஏறக்குறைய முழுவதையும், யூனிட் என்னும் பங்கை வாங்கியவர்களுக்கு மாதாமாதம் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுத்துவிடுவதால் டிரஸ்ட் தன் பங்குக்கு வரி கட்டுவதில்லை. வாங்கியவர் பாடு, வரித்துறை பாடு. வங்கி தரும் வட்டியைவிட இது கூடுதல். அதுவும் வேலைக்குப் போகாமல், மேலதிகாரியின் முகத்தில் விழிக்காமல், சம்பளம்போலவே தேதி தவறாமல் வந்து விழுகிறது. இந்த இன்பத்துக்கு மயங்காத மனிதரை நாங்கள் பார்த்ததில்லை. ஊக்கத்தொகைக்குப் பதிலாக இனி யூனிட்டாகத் தருகிறோம் என்று நிர்வாகி அறிவித்த அன்று நாங்கள் கைதட்டிய தட்டலில் கூட்ட அறையின் கூரையிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டு தொடர்ந்து தட்டினோம்.

இத்தகைய இன்பத்தின் ஊற்றுக்கண் தாங்களே என்பதை இங்கு பதிவுசெய்வது எங்கள் கடமை.

ஒவ்வொரு மாதமும் பங்கீட்டுக் கூட்டத்தில் நிர்வாகி தங்களை நோக்கி ஒரே ஒரு கேள்வி கேட்பார். பராமரிப்புக்கு ஏதாவது ஒதுக்கி வைக்க வேண்டியது உண்டா என்பதே அது. தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவீர்கள், கைக்குட்டையால் துடைப்பீர்கள், மீண்டும் மாட்டிக்கொள்வீர்கள். “இப்போதைக்கு ஒண்ணும் இல்லை சார்” என்பீர்கள். கட்டடங்கள் நலமாக உள்ளன என்ற சான்றில் கையெழுத்திடுவீர்கள். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் பங்கீடு அறிவிக்கப்படும் என்பது டிரஸ்ட்டின் விதி. கையெழுத்து விழும், தேநீர் வரும், கூட்டம் கலையும். பத்து நிமிடத்துக்குமேல் நீடித்த பராமரிப்பு விவாதம் ஒன்றைக்கூட இக்கட்டடம் கண்டதில்லை. ‘இப்போதைக்கு சார்’ என்று தங்களுக்குப் பின்னால் நாங்கள் வழங்கிய பெயர், தங்களுக்கு முன்னாலும் வழங்கத்தக்க அளவுக்கு மதிப்புப் பெற்றது அந்தச் சொல்லாலேயே.

தங்கள் ஆற்றலுக்கு அடையாளங்கள் பல. நேரம் கருதிச் சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

இரண்டு லிஃப்ட் கொண்ட இந்தக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட் நின்றபோது தாங்கள் அதைப் பழுதுபார்க்கவில்லை. உதிரிப் பண்டகசாலையாக உயர்த்தினீர்கள். முதல் லிஃப்ட்டில் எது கழன்றாலும் இரண்டாவதிலிருந்து எடுத்து மாட்டப்பட்டது. பொத்தான், விளக்கு, விசிறி என்று ஒவ்வொன்றாகத் தன்னையே தானம் செய்து அது வெறுங்கூண்டாக நின்றபோது, உடைந்த நாற்காலிகளை அதற்குள் அடுக்கி, ‘கூடுதல் இட வசதி’ என்று ஆண்டறிக்கையில் சேர்த்தோம்.

கூரை ஒழுகியபோது வாளி வாங்கினோம். பராமரிப்புச் செலவே இல்லாத கட்டடங்கள் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தபடியால், வாளியை அந்தத் தலைப்பில் எழுதினால் ஆண்டாண்டாகக் கட்டிக்காத்த பூஜ்யம் கெட்டுவிடும். எனவே எழுதுபொருள் தலைப்பில் எழுதினோம். அந்த ஆண்டு நம் எழுதுபொருளில் பேனாக்களைவிட வாளிகள் அதிகம். கணக்குத் தணிக்கையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இங்க ரொம்ப எழுதுவீங்க போலிருக்கே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மேல்மாடியில் இருந்த பல் மருத்துவர் ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்தார். வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளிக்குக் கொப்பளிக்கும் நீர் கூரையிலிருந்தே கிடைத்த நாளில் காலி செய்துவிட்டார். அந்த மாடியை ‘வளர்ச்சிக்குக் காத்திருக்கும் வெளி’ என்று அறிவித்தோம். வாடகை குறைந்தது, பங்கீடு குறையவில்லை. அது எப்படி என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் இருந்த வண்டி நிறுத்துமிடத்தை விற்று, வந்த பணத்தை மாதாமாதம் கிள்ளிக் கிள்ளிப் பங்கீட்டில் சேர்த்துக் கொடுத்தோம். யூனிட்தாரர்கள் தம் சொத்தைத் தாமே தின்றுவிட்டு, ருசியாக இருக்கிறது என்று நன்றிக் கடிதம் எழுதினார்கள். யூனிட்தாரர்கள் என்ற முறையில் அக்கடிதத்தில் நாங்களும் கையெழுத்திட்டோம். எங்கள் வண்டிகள் அன்றுமுதல் தெருவில் நிற்கின்றன.

வரவேற்பறையில் தொங்கிய பலகையை மறந்தால் நாங்கள் நன்றி கொன்றவர்களாவோம். ‘குறையாத மாதப் பங்கீடு’ என்று மேலே பொன்னெழுத்து. கீழே, பங்கீடு ஒருமுறையும் குறையாமல் கடந்த மாதங்களைக் காட்டும் எண் தகடுகள். சுற்றிலும் தேக்குச் சட்டம். மாதந்தோறும் தகட்டை மாற்றும்போது காவலாளி எழுந்து நின்று மாற்றுவார். அலுவலகத்துக்கு வரும் முதியவர்கள் அதன் எதிரில் உட்கார்ந்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்தக் கட்டடத்திலேயே ஆண்டுதோறும் மெருகேற்றப்பட்ட பொருள் அந்தச் சட்டம் ஒன்றுதான்.

இவ்வளவு பெருமையும் வீட்டு வாசலோடு நின்றுவிடுமா? தங்கள் மூத்த மகளின் திருமணத்துக்கு நாங்கள் அனைவரும் வந்திருந்தோம். பந்தி முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், தங்கள் வேலை எப்படிப்பட்டது என்று சம்பந்தி கேட்டார். தாங்கள் நாற்காலியில் சற்றே சாய்ந்துகொண்டு அருளிய வாசகம் எங்களுள் பலருக்கு மனப்பாடம்.

“மாடு மாதிரி சம்பந்தி. தீனி போட வேண்டாம், பால் மட்டும் கறந்துக்கலாம்.”

சம்பந்தி மருந்துக்கடை வைத்திருந்தவர். தெருச் சந்திப்பில் இருந்த அந்தச் சிறிய கடையில் அவர் நின்றுகொண்டே காலத்தைக் கழித்தார். நல்ல மனிதர், மாத்திரை அட்டையைத் திருப்பி, காலாவதித் தேதியைப் பார்த்து, வாங்குபவருக்கும் அதைக் காட்டி, அதன் பிறகே கொடுப்பவர். ஓய்வூதியம் இல்லாத தொழில் அது. சென்ற ஆண்டு காலில் நரம்பு சுருண்டு, நிற்க முடியாமல் கடையைக் கைமாற்றிவிட்டார். வந்த பணம்தான் அவருக்கும் அவர் மனைவிக்கும் இனிவரும் சோறு, மருந்து, மின்கட்டணம் எல்லாம். அதை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, திருமணத்தில் கேட்ட மாடு அவருக்கு நினைவுக்கு வந்தது.

தாங்கள் கைப்பேசியைக் காதில் வைக்கும் வழக்கம் இல்லாதவர். எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடைகூடத்தில் உலாவியபடியே பேசுவீர்கள். அதனால் தங்கள் குடும்பச் செய்திகளைத் தேடி நாங்கள் அலைந்ததே இல்லை. அன்று மாலை தங்கள் மகளின் குரல் நடைகூடம் முழுவதும் கேட்டது.

“அப்பா, மாமா நாளைக்கு உங்க ஆபீசுக்கு வர்றாரு. கடை வித்த பணம் மொத்தத்தையும் போடப்போறாரு. நல்லா வந்தா உங்க பேரு. கவுந்தா இந்த வீட்டுல இருக்கப்போறது நான். அதை ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசுங்க.”

தாங்கள், “இப்போதைக்கு…” என்று தொடங்கினீர்கள். முடிக்கவில்லை. தங்கள் பணிக்காலத்தில் அந்த வாக்கியம் முடியாமல் நின்றது அதுவே முதல் தடவை என்று தொலைபேசி இயக்குநர் அம்மணி உறுதியாகச் சொல்கிறார்.

மறுநாள் காலை சம்பந்தி வந்தார். தும்பைப்பூப் போன்ற வெள்ளைச் சட்டை, பையில் காசோலைப் புத்தகம். வரவேற்பறைப் பலகையின் எதிரில் சற்று நேரம் நின்றார். “காலாவதித் தேதி போடாத சரக்கு இது ஒண்ணுதான் சம்பந்தி” என்றார், மெச்சுதலாக. தாங்கள் அவரை லிஃப்ட்டில் ஏற்றினீர்கள். நிர்வாகியின் அறை நான்காம் மாடியில். இரண்டாம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடியை எட்டுமுன் லிஃப்ட் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட்டின் சிறப்பு, உள்ளே நடப்பது வெளியே தெரியும் என்பது. மூன்றாம் மாடியில் குனிந்து பார்த்தால் இரண்டு வழுக்கைத் தலைகள். இரண்டாம் மாடியில் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு ஜோடிக் கால்கள். நாங்கள் இரு மாடிகளிலும் கூடிவிட்டோம். உள்ளே, லிஃப்ட் இயக்குநர் என்ற பதவி இருந்த காலத்து ஸ்டூல் ஒன்று கிடந்தது. “நீங்க உக்காருங்க சம்பந்தி, கால் வலியோட இருக்கீங்க” என்றீர்கள் தாங்கள். நீங்கள் நிற்கையில் நான் உட்காருவதா என்று அவர் மறுத்தார். பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டதில், அந்த ஸ்டூல் கடைசிவரை காலியாகவே இருந்தது.

இந்த இடத்தில், பணியாளர்களாகிய நாங்கள் ஆற்றிய தொண்டையும் மடலில் சேர்க்க வேண்டும் என்று குழுவில் ஒருமித்த கருத்து.

தொலைபேசி இயக்குநர் அம்மணி மெக்கானிக்கை அழைக்கப் போனார். கணக்காளர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பராமரிப்பில் எழுதினால் பூஜ்யம் போய்விடும். பூஜ்யம் போனால் பலகையில் எண் நிற்கும். எண் நின்றால் யூனிட் விலை இறங்கும். எங்கள் எல்லாரிடமும் யூனிட் உண்டு. எனவே மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒரு கூட்டம் கூடியது. லிஃப்ட் மேலும் கீழும் போகிறது, ஆகவே போக்குவரத்துச் செலவு என்றார் தபால் பிரிவுக்காரர். நின்றுபோன பிறகு அது எப்படிப் போக்குவரத்து ஆகும் என்று நகலகத்துக்காரர் இடைமறித்தார். அவர் வாடகைதாரர், அவருக்கு வாக்குரிமை இல்லை என்று உட்காரவைக்கப்பட்டார். நான்காம் மாடியிலிருந்து இறங்கிவந்த நிர்வாகி, உள்ளே இருப்பவர் விருந்தினர், எனவே உபசரிப்புச் செலவு என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் மகிழ்ந்தோம். கணக்காளர் அம்மா மட்டும் மகிழவில்லை.

“உள்ள ரெண்டு பேர் இருக்காங்க சார். விருந்தாளி ஒருத்தர்தானே? பாதி பில்லைத்தான் அதுல போடமுடியும்.”

மற்றப் பாதியை எங்கே போடுவது என்ற விவாதம் தொடங்கிய நேரத்தில்தான், கீழிருந்து, கம்பிக் கதவின் வழியாக, சம்பந்தியின் குரல் வந்தது. கோபம் இல்லை. மருந்துச் சீட்டில் புரியாத எழுத்தைக் காட்டிக் கேட்பவர்போலக் கேட்டார்.

“ஏன் சம்பந்தி, இவ்வளவு பெரிய கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேருக்குன்னு தனியா காசு கிடையாதா?”

படிக்கட்டுக் கூட்டம் கம்பிக் கதவுப் பக்கம் திரும்பியது. மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்: தாங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள், துடைத்தீர்கள், மாட்டிக்கொண்டீர்கள். வழக்கமான வாசகத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். எங்கள் உதடுகள்கூட அதற்குத் தயாராகிவிட்டன.

“இருக்குது சம்பந்தி. அந்தக் காசைத்தான் மாசா மாசம் எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுக்கறோம்.”

நாற்பது பக்க விளம்பரத் தாளில் நாங்கள் விளக்க முயன்று, விளங்கிவிடக் கூடாது என்பதற்காக மேலும் நாற்பது பக்கம் இணைத்த பொருளை, தாங்கள் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டீர்கள். சுருங்கச் சொல்லல் என்னும் அழகுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சம்பந்தி, “அப்ப மாட்டுக்குத் தீனி?” என்றார். தாங்கள், ஒரு மாதம் பொறுங்கள், அதன்பின் வந்து கேளுங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். காசோலைப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை. மெக்கானிக் வந்தார், உபசரிப்புச் செலவிலேயே வந்தார். இருவரும் வெளியே வந்தபோது நாங்கள் தங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தாங்களும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தி ஒருவர்தான் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த மாதப் பங்கீட்டுக் கூட்டம் தங்களுக்குக் கடைசிக் கூட்டம். பிரிவு உபசாரத்துக்கு நல்ல ரொட்டியும் கேக்கும் வாங்கி வைத்திருந்தோம். நிர்வாகி வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுதத் தொடங்கிவிட்டார். தாங்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “உண்டு சார்” என்றீர்கள்.

பேனா பாதியில் நின்றது.

கூரை, லிஃப்ட், தரைக்கீழ் மின்கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று தாங்கள் வரிசையாகச் சொல்லச் சொல்ல, பங்கீடு எங்கள் கண்ணெதிரே பாதியாகத் தேய்ந்தது. நிர்வாகி பேனாவை மூடினார். பாசத்தோடுதான் பேசினார். இன்னும் சில வாரத்தில் வீட்டுக்குப் போகப்போகிறவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, அடுத்து வருகிறவர் சொல்லிக்கொள்ளட்டுமே என்றார்.

“அடுத்து வர்றவரும் இப்போதைக்கு இல்லைன்னுதான் சார் சொல்லுவாரு. நான்தானே சொல்லிக் குடுத்திருக்கேன்.”

தங்களுக்கு அடுத்து வரப்போகும் உதவியாளர் அப்போது தங்கள் அருகில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கேக்கைக் கீழே வைத்துவிட்டார். சான்றில் கையெழுத்திடத் தாங்கள் மறுத்துவிட்டீர்கள். ஒதுக்கவேண்டியதை ஒதுக்கிய பிறகே கையெழுத்து விழுந்தது.

அதன்பின் நடந்தவற்றைப் புகழுரையாக மாற்றக் குழு மிகவும் பாடுபட்டது. முடியாததால் அப்படியே தருகிறோம். பங்கீடு பாதியாயிற்று. காவலாளி எழுந்து நின்று தகடுகளைக் கழற்றினார். என்ன எண்ணை மாட்டுவது என்று யாரும் சொல்லாததால் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பட்ட காலிலே படும் என்பதற்கேற்ப, வங்கிகள் வட்டியை உயர்த்தியதும் அதே மாதத்தில்தான். எங்களிடம் மயங்கியிருந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், யூனிட்டை விற்க வரிசை கட்டினார்கள், விலை சரிந்தது. இதுவரை டிரஸ்ட்டுக்கு இல்லாத வரி இனிமேல் வரலாம் என்றும் ஒரு பேச்சு கிளம்பி, சரிந்ததை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது. தொலைபேசி ஓயவில்லை. எல்லாரும் திட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு மூதாட்டி, ஓய்வுபெற்ற செவிலி, திட்டாமல் கேட்ட கேள்வியைத்தான் இயக்குநர் அம்மணியால் இன்னும் மறக்க முடியவில்லை.

“குறைஞ்சா பரவால்லம்மா. குறையும்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

சொல்லித்தான் இருந்தோம். பங்கீட்டுக்கு உத்தரவாதம் இல்லை, தருவது வாடகையாகவும் இருக்கலாம், உங்கள் முதலாகவும் இருக்கலாம், யூனிட் விலை இறங்கவும் கூடும் என்று விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தில், எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கத்தக்க எழுத்தில், சட்டப்படி அச்சிட்டிருந்தோம். முதல் பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மூதாட்டி அந்தப் பக்கத்தைத்தான் படித்திருக்கிறார். நாங்களும் அதைத்தான் படித்திருந்தோம்.

தபால் பிரிவுக்காரர் புது வண்டிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டி இப்போது தெருவிலும் நிற்பதில்லை. அவர் தங்களைப் பற்றிச் சொன்ன சொற்களை மடலில் சேர்க்க இயலாது. இரண்டு வாரம் தங்கள் மேசைக்குத் தேநீர் தானாக வரவில்லை. தாங்களே போய் எடுத்துக்கொண்டீர்கள். தங்களிடம் இருந்த யூனிட்டுகளும் எங்களுடையவற்றோடு சேர்ந்தே விழுந்தன என்பது பின்னர்தான் எங்களுக்கு உறைத்தது. சரிவதற்கு முன்னால் விற்றிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காகிதங்கள் கணக்காளர் அம்மாவின் கை வழியாகத்தான் போக வேண்டும். போகவில்லை. அன்றுதான் தேநீர் மீண்டும் வரத் தொடங்கியது.

சொன்னபடி ஒரு மாதம் கழித்து சம்பந்தி வந்தார். லிஃப்ட்டைப் பிரித்துப் போட்டிருந்ததால், நின்று நின்று, நான்கு மாடியும் ஏறி வந்தார். மூன்றாம் மாடியில் திறந்து கிடந்த லிஃப்ட் குழியை எட்டிப் பார்த்தார். புதிய இரும்புக் கயிற்றின்மேல் ஒட்டியிருந்த சீட்டைத் தேடிப்பிடித்து, எந்த ஆண்டில் செய்தது என்று வாசித்தார். பிறகு யூனிட் விற்கும் முகப்புக்கு வந்து, அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் தொலைபேசி இயக்குநர் அம்மணியிடம் கேட்டார்.

“எவ்வளவு குடுத்தீங்கன்னு நான் கேக்கலைம்மா. இந்த மாசம் எவ்வளவு வெச்சுக்கிட்டீங்க?”

யூனிட்தாரர் கேள்விகளுக்கென்று நாங்கள் தயாரித்து வைத்திருந்த விடைகளில் இதற்கு விடை இல்லை. இத்தனை ஆண்டில் யாரும் கேட்டதில்லை. கணக்காளர் அம்மாவை அழைத்தோம். அவர் உள்ளதைச் சொன்னார். சம்பந்தி மனக்கணக்குப் போட்டார். கடை விற்ற பணத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும், சரிந்த விலையில், யூனிட் வாங்கினார். மற்ற மூன்று பங்கும் வங்கியிலேயே இருக்கட்டுமா என்று இயக்குநர் அம்மணி, வேலை வழக்கத்தில், சற்று வருத்தத்தோடு கேட்டார். “அது தூங்கட்டும்மா. அது தூங்கினாத்தான் எனக்கும் தூக்கம் வரும்” என்றார் அவர்.

அன்று மாலை நடைகூடத்தில் தங்கள் மகளின் குரல் மறுபடி கேட்டது. நீண்ட பேச்சு இல்லை. “அப்பா, மாமா இன்னிக்கு அவரே டீ போட்டு எனக்கும் ஒரு கப் குடுத்தாருப்பா” என்றார். தாங்கள் சரிம்மா, சரிம்மா என்று இரண்டுமுறை சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அதை மாட்டிக்கொள்ள வழக்கத்தைவிட நேரமாயிற்று.

ஐயா அவர்களே, தாங்கள் இத்தனை ஆண்டு ‘இல்லை’ என்று சொன்னதற்காக எங்கள் கைகள் தட்டின. ஒருமுறை ‘உண்டு’ என்று சொன்னதற்காக எங்கள் பைகள் மெலிந்தன. இரண்டில் எதற்காகத் தங்களைப் பாராட்டுவது என்று குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்குகள் சமமாக விழுந்தன. தபால் பிரிவுக்காரர் தம் வாக்கை மாற்றிப்போட்டதால் இந்தத் தலைப்பு அமைந்தது.

இனி வாழ்த்து. விழாவுக்கு அழைக்க வீட்டுக்கு வந்தபோது, தங்கள் துணைவியார் எங்களிடம் ஒரு முறையீடு வைத்தார். தங்கள் முழங்கால் ஈராண்டாக முறுக்கிக்கொண்டு நிற்கிறதாம். மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் தாங்கள், “இப்போதைக்கு ஒண்ணும் இல்லை” என்கிறீர்களாம். இந்த வாசகத்தின் விலையை அறிந்தவர்கள் என்ற முறையில் மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஓய்வுக்காலத் தொகை முழுவதையும் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிடாமல், முழங்காலுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பங்கிடுவீர்களாக. கண்ணும் காதும் காலும் கட்டடமும் கெடாமல், கைப்பேசி ஒலிபெருக்கியில் குடும்பச் செய்தி குறையாமல், நல்ல உறக்கத்தோடு, சம்பந்தியும் தாங்களும் ஒருவரையொருவர் வற்புறுத்தாமலே உட்கார இரண்டு ஸ்டூல் உள்ள வாழ்வைப் பெற்று, பல்லாண்டு நலமுடன் திகழ வேண்டும் என்று விழைகிறோம். லிஃப்ட் நேற்று மாலை ஓடத் தொடங்கிவிட்டது. தாங்கள் தயங்காமல் அதிலேயே இறங்கிப் போகலாம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
யூனிட்தாரர்களும் ஆகிய
பணியாளர்கள்

இம்மடலைத் தாங்கும் தேக்குச் சட்டம் வரவேற்பறைப் பலகையிலிருந்து கழற்றியது. கண்ணாடி மட்டும் புதிது. அதன் விலை, கணக்காளர் அம்மாவின் கையால், பராமரிப்புத் தலைப்பில் எழுதப்பட்டது.